தானியச் சாறு

மற்றப் பெண்டாட்டிகள் புருஷன் சட்டையில் உதட்டுச் சாயம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். நான் ரொட்டித்தூள் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம். சட்டைப் பையை வெளியே இழுத்து உதறி, விழுந்ததை வெள்ளைத் தாளில் ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு ஏதோ ஒரு பேக்கரியோடு தொடர்பு இருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அவருக்குப் பன் என்பது வெறும் பன் இல்லை. அவருக்கு இருப்பது சீலியாக் என்ற நோய். கோதுமையிலும் பார்லியிலும் அவற்றின் பங்காளித் தானியங்களிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் உண்டு. அது உள்ளே போனால் இவர் உடம்பு தன் குடலையே எதிரியாக நினைத்துக்கொண்டு அரிக்க ஆரம்பித்துவிடும். ஒரு சிட்டிகை போதும். இதற்கு மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. அதைச் சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து. ஒன்றரை வருடத்துக்கு முன் நோயைக் கண்டுபிடித்தபோது அவர் நாற்பத்தொன்பது கிலோ இருந்தார். ஆள் லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் இருட்டுக்குள் நின்று வேலை பார்க்கிறவர், வயிறு கூப்பிட்டதும் எங்கே ஓடுவார்? எனக்கு அந்தப் பயத்திலேயே பாதி உயிர் போனது.

நான் பார்க்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பாக்கெட் உணவுகளை வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியின் பின்னறையில் உட்கார்ந்து, பாக்கெட்டின் முதுகில் ஒட்டுகிற தமிழ் ஸ்டிக்கரை எழுதுகிறேன். உள்ளே என்னென்ன இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், எங்கே வைக்க வேண்டும் என்பதெல்லாம் மூன்று விரல் அகலத்துக்குள் அடங்க வேண்டும். வேறு மொழிக்காரர்கள் இரண்டே சொல்லில் முடிக்கிற விஷயத்துக்குத் தமிழ் நாலு முழம் இடம் கேட்கும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் வடிவமைப்பாளர் எதைக் கொடுத்தாலும் எழுத்தை ஆறு புள்ளி அளவுக்குச் சுருக்கிவிடுவார். அவரை நாங்கள் கூப்பிடுவதே ஆறு புள்ளி என்றுதான்.

“மேடம், இதுக்கு மேல சுருக்கினா எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடும். நீங்க வார்த்தைய வெட்டுங்க” என்பார்.

நான் வெட்டுவேன். அர்த்தம் கெடாமல் வெட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு நினைப்பு. வீட்டில் அவர் எனக்கு வைத்த பெயர் அகராதி. நிறையச் சொல் தெரிந்தவள் என்பதால் அந்தப் பெயர் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வேன். அகராதி பிடித்தவள் என்கிற அர்த்தத்தில்தான் வைத்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நோய் தெரிந்த முதல் ஆறு மாதம் கடைப் பாக்கெட் எதையும் வீட்டுக்குள் விடவில்லை. சோறு, காய்கறி, முட்டை, பழம். ரத்தத்தில் பார்க்கிற எண் இறங்கியது, எடை ஏறியது. ஒரு நாள் காலையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அகராதி, மொறுமொறுன்னு ஏதாவது ஒன்னு கடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?”

அவர் கேட்டது அவ்வளவுதான். மறுநாளே நான் முதலாளி முன்னால் போய் நின்றேன். நம் சரக்கில் குளூட்டன் இல்லாதவற்றைப் பிரித்து, ஸ்டிக்கரில் ஒரு பச்சை வட்டம் போடலாம், என் வீட்டுக்காரர் மாதிரி ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றேன். முதலாளிக்கு வியாபார வாசனை அடித்தது, சரி என்றார். ஸ்டிக்கரில் அச்சாகிற தமிழ் வரிகள் முழுவதும் கணினியில் இருந்தன. கோதுமை, மைதா, ரவை, பார்லி, மால்ட் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடினேன். மாட்டிய பொருளையெல்லாம் ஒதுக்கினேன். எதிலும் மாட்டாத முப்பத்தேழு பொருளுக்குப் பச்சை வட்டம் கிடைத்தது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று வட்டத்துக்குள் வளைத்து எழுதியதும் நான்தான்.

அந்த முப்பத்தேழில் ஒன்று, கிளிப் படம் போட்ட அரிசி ஃப்ளேக்ஸ். காலையில் பாலில் போட்டு முதல் கரண்டியைக் கடித்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: பச்சை வட்டம் இருந்தால் உள்ளே வரலாம், இல்லாவிட்டால் வாசலோடு சரி.

சில மாதம் போனது. மெல்ல மெல்ல மறுபடி வயிறு படுத்த ஆரம்பித்தது. கன்னம் ஒட்டியது. பரிசோதனை எண் பழையபடி ஏறி நின்றது. டாக்டரம்மா காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவரைக் கேட்டார்.

“வெளில எங்கயாவது சாப்பிடறீங்களா?”

“இல்லைங்க.”

“ஆசைக்கு ஒரு வாய்? டீயோட ஒரு பிஸ்கட்?”

“இல்லைங்க டாக்டர்.”

அந்த இடத்தில் நான் அவர் பக்கம் பேசியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதை டாக்டரம்மாவும் பார்த்தார். அடுத்த முறையும் எண் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், குடல் மேலும் கெட்டிருந்தால் புண்ணை அடக்கப் பக்கவிளைவு உள்ள மருந்துகளைத் தொடங்க வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டில் என் கண்ணில் படாமல் ஒரு பருக்கை உள்ளே வராது. எல்லாவற்றிலும் பச்சை வட்டம். அப்படியென்றால் தப்பு எங்கே? வெளியில். வேறெங்கே இருக்க முடியும்? என் நாத்தனாரிடம் போனில் சொல்லிப் புலம்பினேன். அவர் தம்பிக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு கட்டையைச் செருகினார்.

“அவனா? சின்னப் புள்ளையிலயே டப்பாவத் திறந்து தின்னுட்டுப் பூனை மேல பழி போடறவன்தான? நீ கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு.”

பார்த்தேன். சட்டைப் பை, கால்சட்டை மடிப்பு, கைக்குட்டை. அதோடு விட்டிருந்தாலாவது தேவலை. அவருடைய சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “அண்ணே, இவர் அங்க டீ நேரத்துல பன்னு கின்னு தின்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டேன். மனுஷனின் நல்லதுக்குத்தானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கருவிப் பையில் கையை விட்டபோது அது அகப்பட்டது. பேக்கரிக் காகிதப் பை. வெளியில் பேக்கரியின் பெயர், ஓரத்தில் நெய்க்கறை.

“இது என்னங்க?”

“போல்ட்டு போட்டு வெச்சிருக்கேன்.”

கொட்டிப் பார்த்தேன். உள்ளே ஏழு போல்ட்டு இருந்தது.

“இப்ப போல்ட்டு. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?”

“எனக்கு எப்படித் தெரியும்? எவனோ தின்னுட்டுப் போட்ட பை. சும்மா கெடந்துச்சு, எடுத்தேன்.”

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்காதீங்க. பொய் சொல்றதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும். நான் இங்க ஒவ்வொரு டப்பாவா உயிர விட்டுப் பாத்துப் பாத்து வாங்கறேன், நீங்க அங்க போய்...” வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நாக்கு தடித்தவள் என்று எனக்கு ஏற்கெனவே பெயர். அன்றைக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றினேன்.

அவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கி முடித்த பிறகு சொன்னார்.

“சரி. ரெண்டு வாரம் லீவு போடறேன். வாசப்படி தாண்ட மாட்டேன். நீ குடுக்கறத மட்டும்தான் சாப்பிடுவேன். பக்கத்துலயே இருந்து பாத்துக்க.”

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இரண்டு வாரத்தில் வயிறு அடங்கிவிடும், அப்போது ஒப்புக்கொண்டுதானே ஆக வேண்டும்? காவலுக்கு நானும் வேண்டுமே என்று, வீட்டிலிருந்தே ஸ்டிக்கர் எழுதுவதாக முதலாளியிடம் அனுமதி வாங்கினேன்.

சொன்ன சொல் மாறவில்லை அவர். குப்பை கொட்டக்கூட வெளியே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே இருக்கிறாரே, வாய் சும்மா இருக்குமா என்று நான் காலையில் கொடுக்கிற கிளி ஃப்ளேக்ஸைச் சாயங்காலமும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். “நல்லா சாப்பிடுங்க, பச்சை வட்டம்தான்” என்று தாராளமாக அள்ளிப் போட்டேன்.

ஆறாவது நாள் மத்தியானம் அவர் குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நாலு எட்டுத்தான் வைத்திருப்பார், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. ‘இப்ப என்ன சொல்ற?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தண்ணீர் மட்டும்தான் கேட்டார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பினேன். ஆறு நாளாக இவர் வயிற்றுக்குள் போனது இவ்வளவுதான். இதில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி என் எழுத்தை நானே வாசித்தேன். பருப்பில் பருப்பு. சோளமாவில் சோளம். கிளிப் பாக்கெட்டைத் திருப்பினேன். ‘அரிசி, சர்க்கரை, உப்பு, தானியச் சாறு.’

தானியச் சாறு.

எந்தத் தானியம்?

எழுதியவள் நான். எனக்கே தெரியவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஸ்டிக்கர் மேல் ஒத்தி ஒத்தி, ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தேன். அடியில் தயாரித்தவர்களே அச்சடித்த பொருள் பட்டியல் இருந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. மற்றச் சொற்களெல்லாம் சாதாரண எழுத்தில் இருக்க, ஒரே ஒரு சொல்லை மட்டும் எச்சரிக்கைக்காகத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்லி. முளைகட்டிய பார்லியின் சாறு. அந்தத் தடித்த எழுத்தின் மேல்தான் நாங்கள் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தோம்.

அப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், சீலியாக் என்ற பெயரே எனக்குத் தெரியாத காலத்தில், அந்த இடத்தில் நான் முதலில் எழுதியது ‘வாற்கோதுமை முளைச்சாறு’. பார்லிக்கு நல்ல தமிழ் வாற்கோதுமை. பார்லி என்று எல்லோரும்தான் எழுதுவார்கள், நான் அகராதி இல்லையா? ஆனால் வரி இடம் கொள்ளவில்லை. “மேடம், நாலு எழுத்து வெளிய தொங்குது” என்றார் ஆறு புள்ளி. நான் யோசிக்கக்கூட இல்லை. வாற்கோதுமையைத் தானியமாக்கினேன், முளையைக் கிள்ளி எறிந்தேன். ‘தானியச் சாறு.’ நறுக்கென்று உட்கார்ந்தது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வெட்டாமல் விட்டிருந்தால் பின்னாளில் ‘கோதுமை’ என்று தேடியபோதே அது மாட்டியிருக்கும். வாற்கோதுமைக்குள்தான் கோதுமை முழுசாக உட்கார்ந்திருக்கிறதே. நான் அதை வெட்டினேன், பிறகு அது இல்லை என்று பச்சை வட்டம் போட்டேன், அந்த வட்டத்தை நம்பிக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டினேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேய்ந்துவிட்டு, பயிரைப் பார்த்துத் திருடன் என்று கத்தியும் இருக்கிறது.

உரித்த ஸ்டிக்கரும் கையுமாக அவர் கட்டிலோரம் போய் உட்கார்ந்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப கிளியா?” என்றார் கடைசியில்.

“கிளி இல்லைங்க. நான்தான்.”

அவர் என் கையிலிருந்த ஸ்டிக்கரை வாங்கிப் பார்த்தார்.

“பார்லி பெருசில்ல” என்றார். “அது வயித்து வலி, போயிடும். நான் இல்லன்னு சொன்னேன். அந்த வட்டமும் இல்லன்னு சொல்லுச்சு. நீ வட்டத்தத்தான் நம்பின.”

ஸ்டிக்கரை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“அதுகூடப் பரவால்ல. சூப்பர்வைசர்கிட்ட எதுக்குச் சொன்ன? அங்க எனக்குப் பேரே பன்னுன்னு ஆயிடுச்சு. ‘பன்னு வந்தாச்சா, பன்னு மேல ஏறியாச்சா’ன்னு ரெண்டு மாசமா கேக்கறானுங்க.”

இரண்டு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என் முன்னால் சட்டையைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“துளிதானம்மா இருக்கும்? அடுத்த அச்சுல மாத்திடலாம். இப்பவே ஊரக் கூட்டணுமா?”

“சார், எங்க வீட்டுல அந்தத் துளிக்கு ஒரு ஆள் தரையில விழுந்து கெடந்தாரு. அதவிட, தின்னாத பன்னுக்கு ரெண்டு மாசம் திருட்டுப் பட்டம் சுமந்தாரு. இந்த ஸ்டிக்கர நம்பி இன்னும் எத்தனை வீட்டுல எத்தனை பேர் ‘நான் திங்கல, நான் திங்கல’ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்காங்களோ? அதுல சின்னப் பசங்க எத்தனை பேரோ? நீங்க கடைக்குச் சொல்லலன்னா நான் சொல்றேன்.”

என் குரல் முன்னறை வரை போயிருக்கும். ஆறு புள்ளி எழுந்து வந்து முதலாளி மேசையில் ஒரு தாளை வைத்தார். கடைகளில் ஒட்டுவதற்கான அறிவிப்பு. ‘கிளிப் பட அரிசி ஃப்ளேக்ஸில் பார்லி உள்ளது. பச்சை வட்டம் தவறு. திருப்பித் தரவும்.’ நாங்கள் பேசி முடிப்பதற்குள் அடித்திருக்கிறார். தூரத்திலிருந்து படிக்கிற அளவு எழுத்து.

“இவ்வளவு பெருசா நான் எதையும் போட்டதே இல்ல சார்” என்றார்.

முதலாளி அதை இரண்டு முறை வாசித்துவிட்டுப் போனை எடுத்தார். பாக்கெட்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. முப்பத்தேழு வட்டத்தையும் எடுத்துவிட்டோம். தயாரிக்கிறவர்களிடமிருந்து பரிசோதனைத் தாள் வந்த பொருளுக்கு மட்டும்தான் இனிமேல் வட்டம். நான் எழுதிய சொல்லைத் தேடி இல்லை, பாக்கெட்டுக்குள் இருப்பதைப் பார்த்துத்தான் வட்டம் போட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூன்று வாரத்தில் அவருக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. வேலைக்குத் திரும்பினார். நாத்தனாருக்குப் போன் போட்டு, “அண்ணி, உங்க தம்பி மேல தப்பே இல்ல, எல்லாம் நான் பண்ண கூத்து” என்று சொல்லிவிட்டேன். அது சுலபம். இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. அவரிடம் சொன்னால் வேண்டாம் என்பார் என்று, சொல்லாமல் கிளம்பினேன்.

லிஃப்ட் கம்பெனியின் பட்டறைக்கு நான் போனது காலை டீ நேரம். நீள மேசையைச் சுற்றி ஐந்து மெக்கானிக்குகளும் சூப்பர்வைசரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறையப் பன். அவரைக் காணவில்லை, மேலே ஏதோ வேலையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் நல்லதுதான் என்று, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டது தப்பு. அவரு எதையும் திருடித் திங்கல. தப்பா ஸ்டிக்கர் எழுதி அவருக்கு நோவக் குடுத்தது நான். இனிமே யாரும் அவரப் பன்னுன்னு கூப்பிடாதீங்க. கூப்பிட்டே ஆகணும்னா என்னக் கூப்பிடுங்க.”

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். தாடி வைத்த ஒரு மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அக்கா, அவரு தின்னதில்லன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. சும்மா கிண்டலுக்குக் கூப்பிட்டது.”

“தெரியுமா? எப்படி?”

“அவரு இந்த மேசைக்கே வர்றதில்லையே. நாங்க பன்னப் பிச்சா தூள் பறந்து அவரு டீயில விழுந்துடுமாம். ‘வீட்டுல அவ ஒவ்வொரு டப்பாவா பாத்துப் பாத்து எடுக்கறா, இங்க ஒரு தூளால அத வீணாக்கக் கூடாது’ம்பாரு. ஒன்றரை வருஷமா பின்பக்கப் படியில நின்னுதான் டீ குடிக்கறாரு. மழையிலகூட.”

எனக்கு அந்த ஆறு பேர் முன்னாலேயே அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்க்கவில்லை, அழுதேன். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் பன்னும் எடுத்து வைத்தார்கள். டீயை மட்டும் எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

அவர் அங்கே சுவரில் சாய்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போனார்.

“நீ எங்க இங்க? என்னாச்சு?”

“ஒன்னும் இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அது ஒரு ஆள் நிற்கிற படி. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு இடம் விட்டார். ஏறி நின்றேன்.